வாய் திறந்த மட்டி

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குச் செவன் கிங்ஸில் ரயிலேறினேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் மாறி, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் சிறு ரயிலின் முன் ஆசனத்தில் இருந்தேன். ரயிலை நாமே ஓட்டுவதுபோல் இருக்கும். பொப்லரில் இறங்கும்போது ஆறேகால். வானுயர்ந்த வங்கிக் கட்டடங்களின் காலடியில் மீன் சந்தை.

வாசலில் ரவி அண்ணை நின்றார். இருபது வருடம் பாரிஸில் சமைத்தவர். இப்போது அப்டன் பார்க்கில் சொந்தமாகக் கேட்டரிங் தொடங்கியிருக்கிறார். அன்று மதியம் முதல் பெரிய ஓர்டர்: ஐம்பதாவது பிறந்தநாள், அறுபது பேர், மட்டிக் கறி கட்டாயம். பிறந்தநாள் வீட்டு அம்மாவின் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி என்பதையும் அண்ணைதான் சொல்லியிருந்தார். கடலுணவில் பரவும் வைரசுகளைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அதனால் துணைக்கு அழைத்தார். மட்டி என்றால் சிப்பி மட்டுமல்ல, முட்டாளும்தானே.

“மட்டி படிக்க லண்டன் வந்த மட்டி, வாடா” என்றார்.

கடலில் கயிறு தொங்கவிட்டு வளர்த்த மட்டி, ஐந்து கிலோப் பை பதினெட்டு பவுண். பையின் சீட்டில் வளர்த்த இடம், எடுத்த நாள், தெளிந்த கடல்நீர்த் தொட்டியில் விட்டுச் சுத்தம் செய்த நிலையத்தின் இலக்கம் எல்லாம் இருந்தன. உரக்க வாசித்தேன். மன்னாரில் மட்டி பிடிக்கும் என் அப்பாவுக்குத் தன் பெயரை எழுதவும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவன் நான். “நான் பிடிக்கிறன், நீ படிக்கிறாய், ரெண்டும் மட்டிதான்” என்று போனில் ஒருமுறை சிரித்தார். சீட்டை வாசித்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை.

அண்ணையின் வான் வண்டி பழுது. வாங்கிய மூன்று பைகளையும் சக்கரம் வைத்த ஐஸ் பெட்டியில் அடைத்து இழுத்துக்கொண்டு மறுபடி சிறு ரயிலேறி, போ சேர்ச் நிலையத்தில் இறங்கி, போ ரோட் நிலையம் வரை நடந்து, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பிடித்தோம். பெட்டியின் மணத்துக்கு எங்களைச் சுற்றியிருந்த ஆசனங்கள் தாமாகக் காலியாகின. சுத்தம் செய்ததுதானே, பிறகென்ன என்று கேட்டார் அண்ணை. மட்டி தண்ணீரை வடித்துத்தான் உண்ணும். கழிவுநீர் கடலில் கலந்தால் மனிதக் குடலின் வைரசும் உள்ளே போய்விடும். தொட்டித் தண்ணீரில் பக்டீரியா பெரும்பாலும் போனாலும் வைரஸ் இலேசில் போகாது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. நன்றாக அவிப்பதுதான் வழி என்று சொன்னேன். பிளாஸ்டோ நிலையம் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

ஒன்பதரைக்கு அப்டன் பார்க்கில் அண்ணையின் சமையலறை. அண்டா கொதித்தது. மூடியைத் தூக்கினார். எல்லாம் வாய் பிளந்திருந்தன.

“வாய் திறந்திட்டுது. இறக்குவம்.”

வாய் திறந்தால் வெந்தது: பாரிஸிலும் இதுதான் கணக்கு, மன்னாரிலும் இதுதான். நானும் அப்படித் தின்று வளர்ந்தவன்தான். ஆனாலும் அடுப்பை மறித்து நின்றேன்.

“இறக்க ஏலாது அண்ணை. ஓடுதான் திறந்தது. உள்ளுக்கு இன்னும் சூடு காணாது.”

“இன்னும் வைச்சா ரப்பராப் போகும். முதல் ஓர்டரடா, கெட்ட பேர் எடுக்கட்டோ?”

என் பையிலிருந்த வெப்பமானியைப் பெரிய மட்டி ஒன்றின் சதையில் குத்தினேன். அறுபத்தெட்டு பாகை. தொண்ணூறு வேண்டும், அதிலே ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டும்.

“ரப்பர் எண்டா ஒரு நாள் திட்டுவினம் அண்ணை. அந்தக் கர்ப்பிணிப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா ஒருநாளும் மறக்க மாட்டினம்.”

அவர் வெப்பமானி முள்ளை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

“இந்த மட்டியும் வாய் திறந்திட்டுது” என்று மூடியைத் திரும்பப் போட்டார்.

தொண்ணூற்றிரண்டு வந்தபின் போனில் நேரம் பார்த்து இறக்கினோம். தேங்காய்ப் பாலில் பிரட்டி, அண்ணை ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். கொஞ்சம் கடிக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை என்றார்.

விழா மண்டபம் செவன் கிங்ஸில், என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு மணிக்குத் தட்டோடு வந்த மருமகள், தான் மட்டி சாப்பிடலாமோ என்று கேட்டாள். அண்ணை என்னைக் காட்டினார்.

“இவரைக் கேளும் பிள்ளை. இவர் படிச்சவர்.”

சாப்பிடலாம், சூடு அளந்துதான் இறக்கினோம் என்றேன். இரண்டாம் முறையும் வந்து வாங்கினாள்.

நடந்து அறைக்குத் திரும்பும்போது அப்பாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். லண்டன் எப்படி, சந்தை எப்படி என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

“வாய் திறந்த பிறகும் அவியவிட்டனியோ?”

“ஓம் அப்பா.”

“அப்ப இனி இஞ்சையும் அப்பிடித்தான்.”