ஒரு சொல்லின் முதல் பொருள்

இலங்கையில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். கொழுந்து பறிக்கும் லெட்சுமி, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டிருந்தாள். தோட்ட மேனேஜரான துரை அவளுடைய மனுவில் ஆங்கிலத்தில் ‘பாய்ஸ்டரஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு லீவில் போய்விட்டார். அகராதியில் முதல் பொருள், ‘புயல்போல் கொந்தளிக்கும்’. அதோடு மூடிவைத்துவிட்டு, கலாட்டாக்காரி என்று அவள் மனுவை மறுத்தேன். வேலை வேறொருத்திக்குப் போனது.

திரும்பி வந்த துரை, “அந்தக் கலகலப்பான பெண்ணை ஏன் போடவில்லை?” என்று கேட்டார். அகராதியை மறுபடி பார்த்தேன். அடுத்த வரியிலேயே, ‘ஆரவாரமான உற்சாகம்’ என்றிருந்தது.

லெட்சுமியிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டேன்.

“இத்தன வருசமா என்னையப் பாக்குறீங்களேங்கய்யா,” என்றாள்.

அவள் சிரிப்பு ஆபீஸ்வரை கேட்கும். அது தெரிந்தும் புத்தகத்தை நம்பிய என்மீது இன்னும் எரிச்சல் தீரவில்லை.