உண்மைப் பக்கம், கற்பனைப் பக்கம்

தரம் நான்கின் வாசிப்புக் குழுக்களுக்கு வரலாற்றுக் கதைகள் கொடுங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டார்கள். பாடசாலை நூலகத்தில் தேடினால் எல்லாம் அரசனும் குதிரையும்தான். எங்கள் ஊர் ஒரு கதையிலும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நானே எழுதிவிடுகிறேன் என்று சுனாமியை எழுதினேன். இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் ராசா காலத்துச் சங்கதிதான். "டீச்சர், நீங்க அப்ப பிறந்திட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். அல்லாஹ்வே, என் முகத்தில் ஒரு சுருக்கமும் தெரியவில்லையா!

கதையில் ஒரு சிறுமி. கடல் வரும்போது தாயின் கையிலிருந்து அவள் கை வழுகிவிடுகிறது. தென்னையொன்றைப் பிடித்துத் தப்பி, பின்னேரம் வீடு வந்து சேர்கிறாள். நிஜத்தில் என் மகள் வரவில்லை. அப்போது அவளுக்கு ஏழு வயது. வகுப்பில் இதை நான் சொன்னதேயில்லை. கதையிலாவது வரட்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வாசித்து முடித்தால் கொப்பியில் நடுவே கோடு கீறி, உண்மையை ஒரு பக்கமும் கற்பனையை மறுபக்கமும் எழுத வேண்டும். ஜன்னலோரக் குழுவின் பின்னால் நின்றேன். கடல் வந்தது உண்மை என்று எழுதினார்கள். கிணறு உப்பானது உண்மை.

"கடைசி வரியில மட்டும் மகள் எண்டு எழுதிக்கிடக்கு. ஆர்ர மகள்?" என்றாள் ஒருத்தி.

குனிந்து கதைத் தாளைப் பார்த்தேன். கதை முழுவதும் சிறுமி என்று எழுதியவள், கடைசியில் 'மகள் வீட்டுக்கு வந்தாள்' என்று எழுதியிருந்தேன்.

"டீச்சர் எல்லாரையும் மகள் எண்டுதானே கூப்பிடுற," என்றாள் பக்கத்தில் இருந்தவள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது.

"அப்ப அவ வந்தது உண்மையா, கற்பனையா டீச்சர்?"

"நீங்களே யோசிச்சு எழுதுங்க மகள்."

கூடிக் குசுகுசுத்தார்கள். "உண்மைதான். டீச்சர் பொய் எழுதுவாவா?" என்று முடிவுசெய்து, உண்மைப் பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்கள்.

சிவப்புப் பேனையைத் திறந்தேன். பிழை போட வேண்டிய இடம். இந்தப் பாடமே அதற்காகத்தான். கை வரவில்லை. ஐந்து கொப்பிக்கும் சரி போட்டேன்.

மணி அடித்தது. கேற்றடியில் உம்மாமார் "மகள், இங்கால வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை நான் வகுப்பிலேயே இருந்தேன்.