மேல்மாடி முழங்காலுக்கு ஒரு போத்தல் லேகியம்

டிரைவிங் பழக்கிப் பிழைக்கிறவனுக்கு வலது கால் சொந்தமில்லை. பக்கத்து சீட்டில் இருந்தபடி இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது சோபாவில் சாய்ந்து செய்தி பார்க்கும்போதும் மிதிக்கிறேன். "கார்ப்பெட்டில கிடங்கு விழப்போகுது" என்று மனைவி சொல்லுவாள். வாழ்க்கையில் பாதியை, நடக்காத விபத்துகளைத் தவிர்ப்பதிலேயே கழித்தவன் நான். இப்படிப்பட்டவனிடம் ஓர் உதைபந்தாட்டக்காரனின் முழங்கால் வந்து மாட்டியது அந்த முழங்காலின் கெட்ட காலம்.

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மேல்மாடியை வாடகைக்கு விடுகிறோம். அங்கே குடிவந்தவன் குரோஷியாக்காரன், முப்பத்து நாலு வயது. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், ஆனால் குரல் மட்டும் நூலகத்தில் பேசுகிற மாதிரி. லண்டனில் ஒரு சின்னக் கழகத்தின் பின்வரிசையில் ஆடினான். டிவியில் வருகிற பெரிய கழகம் இல்லை, நாலாவது பிரிவு. எங்களுக்குள் ஆங்கிலம்தான். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, என் பெயரே "அண்ணை" என்று நெடுநாள் நினைத்திருந்தான்.

சமையலறையில் தேத்தண்ணீர் குடித்தபடி தன் கதையைச் சொல்லியிருக்கிறான். கடலோர ஊரொன்றில் தொடங்கி, பதினெட்டு வயதில் அந்நாட்டின் முதல் பிரிவுக்குப் போனவன். ஒரேயொரு தடவை நாட்டின் அணியோடு, மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் இருந்திருக்கிறான். கடைசிவரை ஆட்டத்தில் இறக்கவில்லை. "ஆனால் இரண்டு தரம் எழும்பி உடம்பைச் சூடாக்கினேன்" என்று பெருமையாகச் சொன்னான். பிறகு ஆஸ்திரியா, துருக்கி, கஜகஸ்தான், சைப்ரஸ் என்று போய்க் கடைசியில் லண்டன். ஒவ்வொரு இடத்துக்கும் ஏஜென்ட் ஒருவன்தான் கொண்டுபோய் விட்டானாம்.

"எங்கட பாதை மாதிரித்தானே கிடக்கு" என்றேன் மனைவியிடம். நானும் அகதியாக மூன்று நாடு சுற்றி வந்தவன்தான்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. நீங்கள் ஏஜென்சிக்காரனுக்குக் காசு குடுத்து வந்தனீங்கள். அவனுக்கெல்லோ காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்."

கழகம் அவனுக்குத் தந்தது ஒரு வருட ஒப்பந்தம். வலது முழங்கால் சீசன் முடியும்வரை தாங்கினால் இன்னொரு வருடம் நீட்டுவார்கள். நீட்டினால், ஊரில் இருக்கும் மனைவியும் ஐந்து வயது மகளும் லண்டன் வருவார்கள். இல்லையென்றால் பூட்ஸைக் கழற்றிவிட்டு மாமனாரின் படகில் சுற்றுலாக்காரரை ஏற்றி இறக்க வேண்டியதுதான். அவன் படியேறும் சத்தத்தில் வலது கால் எது, இடது கால் எது என்று கீழேயிருந்தே சொல்லிவிடலாம். அவ்வளவு நொண்டினான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம். யாராவது நோகுது என்று சொல்லி முடிக்கமுன் போத்தலை எடுத்து நீட்டிவிடுவோம். ஊரில், சுன்னாகத்தில் இருக்கும் மச்சான், மனைவியின் தமையன், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஒருவரிடம் வாங்கி அனுப்பிய மூட்டுவாத லேகியம் அலுமாரியில் இருந்தது. "காலமையும் பின்னேரமும் ஒவ்வொரு கரண்டி" என்று அவன் கையில் திணித்தேன். ஒரு மாதத்தில் போத்தலைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்து, "மிகவும் பலமான சாமான்" என்றான். நொண்டலும் குறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சிவப்பு லைட்டில் நிற்கும்போதெல்லாம் மாணவர்களுக்கு இதையே சொன்னேன். அந்தக் கழகம் கோல் வாங்காத ஒவ்வொரு ஆட்டத்திலும் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

மாசி மாதச் சனிக்கிழமை ஒன்று. அவன் தரும் இலவச டிக்கெட்டில் ஆட்டம் பார்த்துவிட்டு, அவனை ஏற்றிக்கொண்டு வருவது என் வழக்கம். அன்று வென்றார்கள். காரில் ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்தேன். போனில் செய்தி வந்தது: "ஊக்கமருந்துச் சோதனைக்கு என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள். சிறுநீர் வருகுதில்லை. பொறுங்கள், அண்ணை."

என் கால் பிரேக்கை மிதித்தது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

மனைவிக்குப் போன் எடுத்தேன். "இஞ்சாரும், அந்த லேகியத்துக்குள்ள என்ன கிடக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அண்ணையெல்லோ அனுப்பினவர். ஏன், உங்களுக்கும் முழங்கால் பிடிச்சிட்டுதோ?"

"மூத்திரம் எடுக்கினம்!"

"ஆருக்கு?"

"மேல்மாடிக்கு!"

அவளுக்கு விளக்கிச் சொல்லப் பொறுமையில்லாமல் வைத்துவிட்டு மச்சானுக்கு எடுத்தேன். அங்கே நித்திரையால் எழும்பினார் மனிதர்.

"மச்சான், லேகியத்தில என்ன கிடக்கு?"

"அதில என்ன இல்லையெண்டு கேள். கிழட்டுக் குதிரையும் எழும்பி ஓடும் எண்டெல்லோ பரியாரியார் சொன்னவர்."

"ஐயோ. ஸ்டீராய்ட் கிடக்கோ?"

"அது இந்த முறை போடேல்லைப் போல கிடக்கு. வேணுமெண்டால் அடுத்த போத்தலுக்குப் போடச் சொல்லுறன்."

அதற்குப் பிறகு என் மூளை எடுத்த வேகத்துக்கு எந்த டிரைவிங் பரீட்சகரும் என்னைப் பாஸ் பண்ணியிருக்க மாட்டார். அவனுக்குத் தடை, ஒப்பந்தம் கிழிப்பு, படகில் கயிறு கட்டுகிறான், மகள் "லண்டன் எங்கே அப்பா?" என்கிறாள். பத்திரிகையில் என் படம், கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த காரோடு. இறங்கி ஓடினேன். ஆட்டக்காரர் வாசலில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட காவலாளி நின்றான்.

"குற்றவாளி நான்தான். கொடுத்தது நான். அவனை விட்டுவிட்டு என்னைச் சோதியுங்கள்" என்றேன்.

அவன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "உன்னுடைய சிறுநீர் இங்கே யாருக்கும் தேவையில்லை. காரில் வந்திருந்தால் சாவியைத் தந்துவிட்டு பஸ்ஸில் போ."

வெறிகாரன் என்று நினைத்துவிட்டான். நான் குடித்திருந்தது பிளாஸ்க் கோப்பி.

நன்றாக இருட்டிய பிறகு குரோஷியாக்காரன் வெளியே வந்தான், தோளில் பை, கையில் இன்னும் ஒரு தண்ணீர்ப் போத்தல். காரில் ஏறி பெல்ட் போடுமுன்னே எல்லாவற்றையும் கொட்டினேன்: லேகியம், கிழட்டுக் குதிரை, காவலாளி. வழக்குச் செலவையும் நானே பார்ப்பதாகச் சொன்னேன். அவன் பெல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, நான் அதைச் சாப்பிடவேயில்லை."

"போத்தல் வெறுமையாக வந்ததே!"

"அடுத்த நாளே கழகத்தின் வைத்தியரிடம் காட்டினேன். தொடவே கூடாது என்றார். சிங்கில் ஊற்றினேன்."

மேல்மாடி சிங்க் ஒருநாள் அடைத்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதன் கீழே மல்லாந்து கிடந்து கறுப்புக் களியை வழித்து எடுத்தவன் நான். அவனுடைய தாடி மயிர் என்று நினைத்துத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

"ஏன் சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்வது? அன்பாகத் தந்தீர்கள். எங்கே போனாலும் யாராவது தருவார்கள். ஊரில் முதல் கழகத்தில் சட்டை துவைக்கிறவர், இலை ஊறப்போட்ட சாராயம் தந்தார். ஆஸ்திரியாவில் வீட்டுக்காரி, மலையில் வளை தோண்டுகிற ஏதோ ஒரு பிராணியின் கொழுப்பு. துருக்கியில் ஆட்டுத்தலைச் சூப், அதை மட்டும் குடித்தேன், அருமையாக இருந்தது. கஜகஸ்தானில் கிழவர் ஒருவர் குதிரைப்பால் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை போகமாட்டேன் என்று நின்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது பாலை ஊற்றுவதற்கென்றே தொட்டிச்செடி ஒன்று வாங்கி வைத்தேன்."

"அப்ப முழங்கால் எப்படிச் சுகமானது?"

"தினமும் ஐஸ். பிசியோ. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறேன்."

இத்தனை மாதம் நான் அள்ளிக்கொண்ட புகழெல்லாம் ஐஸ்கட்டிக்குப் போனது. ஆனால் அந்த நேரத்தில் அவன் ஐஸைக் கும்பிடு என்று சொல்லியிருந்தாலும் கும்பிட்டிருப்பேன். நெஞ்சிலிருந்து ஒரு லொறி இறங்கிப் போனது. சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அவனும் சிரித்தான். நோர்த் சர்குலர் ரோட்டில் ஏறி வாகன நெரிசலில் மாட்டியபோது திடீரென்று சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணை."

"என்ன?"

"அங்கே சிறுநீர் வருவதற்காகக் குடித்த தண்ணீர் எல்லாம், இப்போது வருகிறது."

உலகத்தில் உள்ள எல்லாப் பெற்றோல் ஷெட்டும் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தன. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து நிறுத்தியதும், நாட்டு அணியின் வாங்கில் இருந்த மனிதன் முழங்காலைப் பற்றி யோசிக்காமல் ஓடினான். அவன் அப்படி ஓடி நான் ஆட்டத்தில்கூடக் கண்டதில்லை.

அந்த இடைவெளியில் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன்.

"என்ர அண்ணை அனுப்பினதைச் சிங்குக்குள்ளயோ ஊத்தினவன்?" என்று பொங்கினாள். பிறகு மூச்சை விட்டாள். "நல்ல வேளை. வரட்டும், சோத்தைப் போடுவம். அதைச் சாப்பிடலாமோ எண்டு முதல்ல டொக்டரைக் கேட்கச் சொல்லுங்கோ."

சோதனையில் ஒன்றும் வரவில்லை. சீசன் முடிந்ததும் கழகம் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டியது. கோடையில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். கூட்டிவர ஹீத்ரோவுக்கு நான்தான் கார் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளைக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். விடிய எழும்பியதும் எங்கள் தலைக்கு மேலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓட்டம். கூரை விளக்கு ஆடுகிறது, தேத்தண்ணீர் தளும்புகிறது, ஒரு செய்தி ஒழுங்காகக் கேட்கமுடியவில்லை. வீட்டுக்காரனிடம் முறைப்பாடு செய்யலாம் என்றால், அவன் கீழே என் சோபாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.