தோள்பட்டியின் உள்நிறம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ரொறன்ரோவிலிருந்து பஸ் புறப்பட்டது. மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். சீட்டு ஐம்பத்தெட்டு டாலர். மடியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெண் அதை இரண்டு மூன்று தரம் பார்த்தாள். உள்ளே பிஸ்கட் கிடையாது. உருப்பெருக்கிக் கண்ணாடி, தையல் பிரிக்கும் சின்னக் கத்தி, ஊசிகள், நான்கு நிறத்தில் நூல், அவ்வளவுதான்.

நம்மவர்கள் மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போவார்கள், கோயில் திருவிழாவுக்குப் போவார்கள். நான் போனது ஒரு பழைய ஜெர்மன் இராணுவ மேலங்கியின் தோள்பட்டியைப் பார்க்க. "உமக்கு விசர் முத்திப்போச்சு" என்று சொல்லித்தான் கணவர் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

எனக்குத் தொழில் உடுப்புத் திருத்துவது. பல வருஷங்களுக்கு முன் ஒருவர் பழைய ஜெர்மன் மேலங்கி ஒன்றைக் கடையில் தந்துவிட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை. அதன் கழுத்துப்பட்டியில் இருந்த சின்னம் என்னவென்று தேடத் தொடங்கியவள்தான். இன்றைக்கு வீட்டில் பதினொரு பெட்டி நிறையச் சின்னங்கள் இருக்கின்றன. அந்தப் படைமீது எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. அது செய்ததெல்லாம் தெரியும். ஆனால் அவர்களுடைய துணி பேசும். தோள்பட்டியின் ஓரத்தில் ஓடும் பைப்பிங்கின் நிறத்தைப் பார்த்தால், போட்டிருந்தவன் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். வெள்ளை என்றால் காலாட்படை, கடும் சிவப்பு என்றால் பீரங்கி, நீலக் காக்கணம்பூ நிறமென்றால் காயக்காரரைப் பார்க்கும் மருத்துவப் பிரிவு. காணாமல்போனவனின் உடுப்பு கிடைத்தால் அவனைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளலாம் என்பதில் எனக்குப் பெரிய ஆசை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் மொனிக் என்ற பெண் ஒரு படம் போட்டிருந்தார். தந்தையின் தோள்பட்டி, என்ன பிரிவு என்று கேட்டிருந்தார். பத்து நிமிஷத்தில் பதில் எழுதினேன்: "வெள்ளை. காலாட்படை." அவர் உடனே எழுதினார்: "நன்றி. அப்படியானால் அண்ணன் சொன்னதுதான் சரி. அப்பா ஆயுள் முழுக்க எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்."

மூன்றாம் நாள் கடையில் ஒரு பழைய வெள்ளைச் சட்டைக்குக் கொலர் மாற்றிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. வெள்ளை பழசானால் மஞ்சளிக்கும். அந்தப் படத்தில் இருந்தது சாம்பலாய் வெளுத்த வேறு ஏதோ நிறம். படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "வாருங்கள்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

பிற்பகல் இரண்டரைக்கு மொன்றியல். மெத்ரோவில் செம்மஞ்சள் தடத்தில் போய், ஜோன்-தலோனில் நீலத் தடத்துக்கு மாறி, பார்க் நிலையத்தில் இறங்கினேன். தவம் வாசலில் காத்து நின்றான். சென்ட் லோரன்ட்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். என் தம்பி குகனோடு ஒரே வகுப்பில் படித்தவன். நானும் தவமும் மாதத்துக்கு ஒருமுறையாவது ஃபோனில் பேசுவோம். குகனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு, வளைந்த இரும்புப் படி. ஏறி முடிக்குமுன் மூச்சு வாங்கியது. தவத்தின் மனைவி அவித்த புட்டுக்கும் மீன்குழம்புக்கும் அந்தப் படியை மன்னித்தேன்.

சனி காலை ஒன்பதுக்குத் தவத்தின் காரில் புறப்பட்டோம். நாற்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே, ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். இல்-பிசார் ஒரு சின்னத் தீவு. பெருந்தீவிலிருந்து போக ஒரே ஒரு பாலம். பாலம் தாண்டியதும் சத்தம் குறைந்துவிட்டது. தனித்தனி வீடுகள், பெரிய மரங்கள், தெருவில் ஆளே இல்லை.

"அக்கா, உவ அழுதா என்ன செய்யிறது?" என்று தவம் கேட்டான்.

"நீ காருக்குள்ள இரு."

"அப்ப நீங்கள் அழுதா?"

அவனைக் காருக்குள் விட்டு, டின்னோடு இறங்கினேன்.

மொனிக்குக்கு எழுபது வயதிருக்கும். பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் பேசினார். நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். தந்தை இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டுக் கைதியாகக் கனடா வந்தவர். விடுதலையாகி ஊர் போய், பிறகு தானாகவே திரும்பிவந்து இங்கே மணம் முடித்தவர். "நான் காயக்காரரைத் தூக்கியவன், யாரையும் சுட்டவனில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர் பொய் சொல்கிறார் என்று மரணவீட்டில் வைத்தே அண்ணன் சொல்ல, அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் கதைப்பதில்லை.

மேலங்கி ஜன்னலோரம் தொங்கியது. வெயில் படும் இடது தோளில் ஒற்றைப் பட்டி. வலப்பக்கத்தது எப்போதோ தொலைந்துபோனதாம். சுவரில் ஓர் இடம் நாற்சதுரமாகக் கடும் பச்சையாக இருந்தது. சுற்றியுள்ள சுவரெல்லாம் வெளிறிக் கிடந்தது.

"அங்கே அப்பாவின் படம் இருந்தது. உங்கள் பதில் வந்த அன்று கழற்றினேன்" என்றார் மொனிக்.

பத்து நிமிஷத்தில் எழுதிய இரண்டு சொல் ஒரு மனிதரைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டது.

"நான் பிழையாகச் சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் இந்தப் பட்டியில் மூன்று தையல் பிரிக்க வேண்டும். சேகரிப்பவர் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். தையல் பிரித்தால் மதிப்புப் போய்விடும். நான் தையல்காரி என்பதால் கேட்கிறேன்."

பைப்பிங் என்பது இரண்டாக மடித்த துணிநாடா. மடிப்பு மட்டும் வெளியே தெரியும்; மிச்சம் தையலுக்குள் கிடக்கும். அங்கே வெயில் போகாது. சுவரைக் காட்டி இதைச் சொன்னேன். படம் இருந்த இடத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிரியுங்கள்" என்றார்.

ஜன்னலருகே உட்கார்ந்து பிரித்தேன். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தையல் பிரிக்கிற கை, அன்றைக்கு மூன்றுக்குக் கால்மணி நேரம் எடுத்தது. துணியை நகத்தால் விலக்கினேன். உள்ளே நீலம். காலையில் பூத்த காக்கணம்பூப் போல, ஒரு மாசு இல்லாத நீலம்.

கண்ணாடியை மொனிக்கிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மருத்துவப் பிரிவு. நான் சொன்னது பிழை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். பிறகு, சொல்லாமல் விட்டால் அதுவும் பிழை என்பதால் சொன்னேன்: "எந்தப் பிரிவு என்றுதான் துணி சொல்லும். அங்கே என்ன செய்தார் என்று சொல்லாது."

"மிச்சத்தை அவர் சொன்னார். நான் நம்பாமல் விட்டேன்" என்றார் மொனிக். அழவில்லை. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து படத்தை எடுத்துவந்து, ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். படம் தன் பச்சைச் சதுரத்தில் போய் உட்கார்ந்தது.

தையலைத் திரும்பப் போட்டேன். டின்னுக்குள் பொருத்தமான சாம்பல் நூல் இருந்தும் மண்ணிற நூலைக் கோர்த்தேன். ஏன் வேறு நிறம் என்று மொனிக் கேட்டார். பின்னால் இதைப் பார்ப்பவருக்கு ஒருத்தி திறந்து மூடியது தெரியவேண்டும், அதுதான் நேர்மை என்றேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

திரும்பும்போது தவம் பாலத்தால் போகாமல் பாதைப்படகில் ஏற்றினான். கோடையில் மட்டும் லவால் கரைக்கு ஓடும் படகு, கார்களோடு போகும். கட்டணத்தை எனக்குக் காட்டாமலே கொடுத்துவிட்டான். இறங்கிக் கம்பியருகே நின்றோம். ஆறு ஆழமில்லாமல் பழுப்பாக ஓடியது.

"அவவுக்கு நல்ல செய்தியோ, அக்கா?"

"ஓம்."

தவம் இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டான். "குகன்ர சட்டையைக் கண்டா அடையாளம் பிடிப்பியளோ?"

"ஓம். நான் தைச்சது. நீலக் கோடு போட்டது. ரெண்டாவது பொத்தான் மட்டும் மண்ணிற நூலில கிடக்கும். அவன் அவசரப்பட்டவன், வெள்ளை நூல் முடிஞ்சு போச்சு. இப்ப போட்டுக்கொண்டு போ, பேந்து மாத்தித் தாறன் எண்டு சொன்னனான். அண்டைக்குப் போனவன், திரும்பி வரேல்லை."

"கண்டெடுத்த உடுப்பு எண்டு ஆரும் காட்டினவையோ?"

"ஒரு துணியும் காட்டேல்லை, தவம்."

அவன் என் கையிலிருந்த டின்னை வாங்கிக்கொண்டான். படகு கரையில் முட்டியது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடிக்க, போய் ஏறினோம்.

ஞாயிறு காலை பஸ்ஸில் திரும்பினேன். அதே ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். மொன்றியலைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்ல அதிகமில்லை: வளைந்த படிகள், ஒரு படகு, ஒரு பச்சைச் சதுரம். எழுபது வயதில் ஒருத்திக்குத் தன் அப்பாவின் துணி மிஞ்சியிருந்தது என்பதில் எனக்குப் பொறாமை வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஊரானுடைய படைத் துணியெல்லாம் வாசிக்கப் பழகிவிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியவேண்டியது ஒரே ஒரு சட்டை.

கடை அலுமாரியில் வெள்ளை நூல் இப்போது ஒரு தட்டு நிறைய இருக்கிறது. அந்தப் பொத்தானை மாற்றித் தைக்க இரண்டு நிமிஷம் போதும்.