செவ்வரத்தைத் தடிக்குத் திருநீறு

மெல்பேர்ன் ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேஷன், 1976, குளிர்காலக் காலை. சிட்னியிலிருந்து இரவு முழுக்க ரயிலில் இருந்து வந்த களைப்பு. இனி நோபல் பார்க் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். மடியில், நண்பனின் வீட்டு வளவில் நடுவதற்கென்று வெட்டிய செவ்வரத்தைப் பூத்தடிகள். குளிருக்கு இவற்றை வீட்டுக்குள், மனைவியின் மிளகாய்க் கன்றுகளுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேணும். ஊரில் பூச்சிக்குச் சாம்பல் தூவுவோம். இங்கே அடுப்பெல்லாம் காஸ். அதனால் திருநீற்றைத் தூவியிருக்கிறேன்.

நான் குந்தியிருக்கும் மர வாங்கில், பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கிறாள்.

“இதென்ன வெள்ளையா?”

“சாம்பல். பூச்சி வராமல் நான்தான் போட்டனான்,” என்று கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அவள் இன்னோர் இலையைத் திருப்புவது கேட்கிறது.

“உன்ர சாம்பல் நடக்குதே, தம்பி.”

நோபல் பார்க் ரயில் வந்து நிற்கிறது. நான் ஏறவில்லை, வெள்ளை மாவுப்பூச்சி ஊரும் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன்.