பாஞ்சாலியின் சுண்டுவிரல்

வடக்குப்பட்டுப் பாஞ்சாலிக்கு இடது கையில் நான்கு விரல்தான். சுண்டுவிரல் எங்கே போனதென்று அவள் புருஷன் நாகப்பனைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் மனுஷன் தலை நிமிர மாட்டான்.

எழுபத்தொன்றாம் வருஷக் கோடை. வற்றிய ஏரிக்குள் கிர்ணிப்பழக் கொடி போட்டிருந்தான் நாகப்பன். பறித்து வந்த பழத்தைக் காப்பாற்றுவது பாஞ்சாலியின் பாடு. உள்ளறையில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து, தினமும் புரட்டிப் போடுவாள். வேறு யார் கையும் அதில் படக்கூடாது. நாகப்பன்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் கொடுவாளை அங்கே ஒளித்தாள். நாகப்பனின் தம்பி கண்ணப்பனின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கிர்ணிக் கொடியை மிதித்துத் துவைத்துவிட்டது. "அவன் தலைய எடுக்காம சோறு துன்ன மாட்டேன்" என்று குதித்தான் நாகப்பன். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன், சொன்னால் செய்துவிடுவான்.

"கொடுவா எங்கடி?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

அறைந்தான். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. பாவி மகள், கண்ணப்பனைப் பெற்ற தாய்க்குக்கூட அந்த அழுத்தம் இருக்காது.

கீறல் பட்ட பழம் எறும்பைக் கூப்பிடும் என்று ஊருக்கே சொல்பவள் அவள். வாளைச் செருகிய அவசரத்தில் தானே ஒரு பழத்தைக் கீறியதைக் கவனிக்கவில்லை. வைக்கோலை நோக்கி எறும்புச் சாரை போனது. நாகப்பன் அதைப் பார்த்துவிட்டான்.

காலால் எத்தினான். பழங்கள் உடைந்து சிதறின. வாள் கைக்கு வந்த நேரம், வாசலில் கண்ணப்பன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"அண்ணி, மாட்டக் கெட்டியா கட்டாதது என் தப்புதான்."

நாகப்பன் ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். பாஞ்சாலி குறுக்கே விழுந்து கையை நீட்டினாள். விரல் துண்டாகிப் பழச்சாற்றில் விழுந்தது.

கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு சொன்னாள்: "இன்னும் வெறி அடங்கலன்னா மொதல்ல என்னிய வெட்டு. அப்பால அவன்."

வாள் கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு நாகப்பன் எந்தக் கத்தியையும் தொட்டதில்லை. கிர்ணி சீசனில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கனிந்த பழத்தைக் கட்டைவிரலாலேயே பிளப்பான். விதையை வழித்தெறிந்து, சதையைப் பிசைந்து, வெல்லமும் ஏலக்காயும் போடுவான். பாஞ்சாலி பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

"மொத கிண்ணம் எங்க போவணும்?" என்பாள்.

நாகப்பன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடப்பான்.