சாக்ஸுக்குள் பைக் சாவி

நான் கால்பந்து நடுவர். பயந்தாங்கொள்ளியும்கூட. வாரநாட்களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலை, சனி ஞாயிறுகளில் விசில். "ஊட்ல ஒரு கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல ஏர்றீங்க, அங்க போய் அத்தனை பேரை எப்டித்தான் மேய்க்கிறீங்களோ" என்பாள் மனைவி. மேய்ப்பதெல்லாம் இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால் பயம் வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

மாசி வரைக்கும் கல்லூரி ஆட்டங்கள். பங்குனி வெயில் தொடங்கியதும் கோடைக் கோப்பைகள் ஆரம்பித்துவிடும். ஆவடியில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று என்று தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ் கட்டி, வெளியாட்களைக் காசுக்குப் பேசிக் கூட்டி வந்து ஆடுவார்கள். இரண்டும் ஒரே பந்து, ஒரே விதிகள். ஆனால் என் வயிறு இரண்டையும் ஒன்றாக நினைத்ததே இல்லை.

கல்லூரி மைதானத்தில் எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுப்பார்கள். ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு உடற்கல்வி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். தப்பாகவே விசில் அடித்தாலும் பையன்கள் "சார், சார்" என்று முனகிவிட்டு விலகிப் போவார்கள். கோடை ஆட்டத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நிற்கும். "யோவ் ரெஃபரி, எந்த ஏரியாய்யா நீ?" என்று யாராவது கேட்டால் அது விலாசம் விசாரிப்பதற்காக அல்ல. ஒரு வருடம் என் சக நடுவர் ஒருவர் கடைசி நிமிடத்தில் பெனால்டி கொடுத்தார். அவருடைய பைக்கை அலேக்காகத் தூக்கிக் குட்டையில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் பைக்கை வாசல் பார்த்துத்தான் நிறுத்துவேன், சாவியை வலது கால் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வேன். ஆட்டம் முழுக்க அது கணுக்காலில் குத்தும். குத்தினால்தான் எனக்குத் தெம்பு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கல்லூரிப் பையன் விழுந்தால், வலித்தாலும் வலிக்கவில்லை என்பான். மாநில அணிக்கு ஆள் பார்க்க வந்திருக்கும் தேர்வாளர் கண்ணில் அடிபட்டவனாகத் தெரிந்துவிடக் கூடாதே! காசுக்கு ஆடுகிறவன் ஒரு கோல் முன்னால் இருந்தால், வலிக்காவிட்டாலும் புரளுவான். ஜெயித்தால்தான் அடுத்த வாரம் கூப்பிடுவார்கள், அதற்கு நேரம் ஓட வேண்டும். இருபது வருடத்தில் நான் கற்ற பாடம், விழுந்தவன் வாயை நம்பாதே என்பதுதான். இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ரொம்பத் திமிராகவே இருந்தேன்.

ஒரு மாசியில் கல்லூரி அரையிறுதி. மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு கோல்கீப்பர், நல்ல உயரம், அதிகம் பேசாத பையன். ஒரு பந்தைத் தடுத்துவிட்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அருகில் போய்க் காட்டச் சொன்னேன். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. "ஒண்ணும் இல்ல சார், ஆடலாம்" என்றான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் தடைபட வேண்டாம் என்று நானும் தலையாட்டிவிட்டு விசில் அடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம். ஊர் அணிக்கு எதிராக வந்த அணியில் அதே பையன் கோலில் நின்றான். லீவில் காசுக்கு ஆட வந்திருக்கிறான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். சுண்டுவிரல் வளைந்தபடியே இருந்தது.

மாலை ஐந்தரை. ஊர் அணி ஒரு கோல் பின்னால், இன்னும் எட்டு நிமிடம். உயரமாக வந்த ஒரு பந்துக்கு அவனும் ஊர் அணிக்காரன் ஒருவனும் சேர்ந்து எகிறினார்கள். ஊர்க்காரன் முழங்கால் பையனின் காதோரம் பட்டது. விழுந்தவன் உடனே எழுந்து பந்தை உதைத்துவிட்டான். எழுந்துவிட்டானே என்று நானும் ஆட்டத்தோடு ஓடிவிட்டேன்.

இரண்டு நிமிடம் கழித்து, பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது, பையன் கோல்போஸ்ட் ஓரமாக மெல்ல உட்கார்ந்தான். யாரும் தொடவில்லை. ஊரே கத்தியது. கோலுக்குப் பின்னால் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, "இன்னா ரெஃபரி, டைம் ஓட்டிகினு கீறான், நீ வேடிக்கை பாத்துகினு கீற? வாட்ச் கீதா இல்லியா?" என்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர். சாக்ஸுக்குள் சாவி இருக்கிறதா என்று இன்னொரு காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பையனிடம் ஓடிப்போய் எழுந்திரு என்றேன். போஸ்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "சார், நம்ம கோல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

நக்கல் செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை, பொய் சொல்கிறேன். ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் ஆட்டத்தை நிறுத்தினால் அந்த இருபது பேருக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும். மஞ்சள் அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். ஊர் கை தட்டியது. அவன் அட்டையைக் குழந்தை மாதிரி பார்த்தான், பிறகு வாந்தி எடுத்துவிட்டுச் சரிந்தான்.

விசிலை எத்தனை முறை ஊதினேன் என்று தெரியாது. கைதட்டல் நின்றுபோயிருந்தது. மைதானத்தில் முதலுதவிப் பெட்டி கிடையாது, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். யாரோ, "வண்டி எதுனா கீதா? எல்லாம் மாட்டிகினு நிக்குது" என்று கத்தினார்கள். உள்ளே நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவில் வாசல் பார்த்து நின்றது என் பைக் மட்டும்தான். தரையில் உட்கார்ந்து வலது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிச் சாவியை எடுத்தேன். தப்பி ஓடுவதற்கு வைத்திருந்த சாவி அது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

பையனை எனக்குப் பின்னால் உட்கார வைத்து, அவனை அணைத்தபடி சிவப்புத் துண்டுக்காரரே ஏறிக்கொண்டார். அவன் தலை என் முதுகில் கனத்தது. ஆவடி சிக்னலில் ஷேர் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றன. "பேசறானா?" என்று திரும்பாமலே கேட்டேன். "பேசிகினுதான் கீறான் அண்ணாத்தே, நீ ஓட்டு" என்றார். என் காதில் எதுவும் விழவில்லை. அடுத்த முறை கேட்டபோது அவர் அழுதார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை. போலீஸுக்கோ ஊருக்கோ அல்ல, முதுகிலிருந்த அந்தக் கனத்துக்கு.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் லேசாக வீக்கம், கண் விழித்தால்தான் மற்றது தெரியும் என்றார் டாக்டர். மனைவி போன் செய்தாள். ஆட்டம் முடிந்ததும் பேசுவது எங்கள் வழக்கம். "முடிஞ்சுதா? அடி கிடி படலியே?" என்றாள். எனக்குப் படவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நர்ஸ் கூப்பிட்டார். உள்ளே போனேன். கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில், ஒரு காலில் மட்டும் சாக்ஸ். பையன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அவன் முந்திக்கொண்டான். போர்வைக்குள் இடது கையை மறைத்தபடி, "ஒண்ணும் இல்ல சார், ஆடலாம்" என்றான்.

இந்த முறை நான் அவனை நம்பவில்லை. அவன் அம்மா வரும்வரை கட்டிலை விட்டு நகராமல் நின்றேன்.